அப்ரேயுவின் கிளப் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளப் விட்டு கிளப் மாறும் கால்பந்து வீரர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உருகுவேயின் ஸ்ட்ரைக்கர் செபாஸ்டியன் அப்ரேயுவுக்கு அதில் ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. அதுவும், அவர் முப்பதுக்கும் மேற்பட்ட கிளப்புகளுக்கு ஆடியதை வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டு, எங்கும் காலூன்றாதவர் என்ற தீர்ப்போடு முடிந்துவிடுகிறது. எண்ணிக்கையில் பிழையில்லை, தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1976-இல் மீனாஸ் என்ற ஊரில் பிறந்த அப்ரேயு, மான்டிவிடியோவின் டிஃபென்சர் ஸ்போர்ட்டிங்கில் தொடங்கி, அர்ஜென்டினாவின் சான் லோரென்சோ வழியாக, 1998-இல் ஸ்பெயினின் டிபோர்ட்டிவோ லா கொருன்யாவுக்குப் போனார். அங்கே அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. ஆனால் ஒப்பந்தம் டிபோர்ட்டிவோவின் கையில் இருந்ததால், அடுத்த சில ஆண்டுகள் பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவே என்று அவர் லோனில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு வேறு கிளப்புக்கு இரவலாக, அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தார். 2000-இல் டிபோர்ட்டிவோ ஸ்பெயின் லீகை வென்றபோதும் அவர் வெளியூர் லோனில்தான் இருந்தார். இந்த ஆண்டுகளின் கிளப் மாற்றங்களை அவருடைய மனநிலையின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அக்காலத்தில் ஓராண்டுக்குள் இரண்டு சாம்பியன்களை முடிவுசெய்யும் அரையாண்டுத் தொடர்கள் நடந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளர் மாறுவார், அவரோடு ஆட்டக்காரர்களும் மாறுவார்கள். ஆறடிக்கு மேல் உயரமும், தலையால் முட்டிக் கோலடிக்கும் திறனும், நல்ல இடது காலும் கொண்ட ஒரு ஸ்ட்ரைக்கரை, தடுமாறும் அணிகள் அவசரத் தேவைக்கு அழைத்துக்கொள்வது அங்கே வாடிக்கை. மெக்சிகோ லீகில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதிக கோலடித்தவராக வந்தவருக்கு அழைப்புகள் வராமலிருந்தால்தான் வியப்பு. குலியாக்கான் நகரின் டோராடோஸ் அணியில் அவர் ஆடியபோது, 2006-இன் தொடக்கத்தில் சக ஆட்டக்காரராக வந்து சேர்ந்தவர், பின்னாளில் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற ஸ்பெயினின் பெப் குவார்டியோலா. அத்தனை இருந்தும் அணி அந்த ஆண்டே இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது வேறு கதை.

பித்தன் என்ற பட்டப்பெயரை வைத்துக்கொண்டு, அவருடைய பெனால்டி உதைகளையும் கட்டுரை கோமாளித்தனத்தில் சேர்த்திருப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. 2010 ஏப்ரலில், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பொட்டஃபோகோ கிளப்புக்காக ஃபிளமெங்கோ கிளப்புக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், ஸ்கோர் 1-1 என்றிருக்கையில் பெனால்டி எடுக்க வந்தார். வேகமாக ஓடிவந்து, கடைசி நொடியில் பந்தின் அடிப்பாகத்தை மெல்லத் தட்டி நடுவில் தூக்கிவிட்டார். கோல்கீப்பர் பாய்ந்துவிட்டிருந்தார், பந்து மேல்கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. பட்டத்தை வென்று தந்த கோல் அது.

இரண்டரை மாதம் கழித்து, ஜூலை 2 அன்று, ஜோகன்னஸ்பர்க்கில் கானாவுக்கு எதிரான உலகக் கோப்பைக் காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் உருகுவேயின் சுவாரஸ் கோல் வாயிலில் நின்று பந்தைக் கையால் தடுத்து வெளியேற்றப்பட, அதற்குக் கிடைத்த பெனால்டியை கானாவின் அசமோவா கியான் மேல்கம்பத்தில் அடித்துவிட்ட ஆட்டம் அது. சமனில் முடிந்த ஆட்டத்தின் வெற்றியை முடிவுசெய்யும் பெனால்டி ஷூட்-அவுட்டில் உருகுவேயின் ஐந்தாவது உதை அப்ரேயுவுக்கு. 76-ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர், கோல்கீப்பர் கிங்சன் பக்கவாட்டில் பாய, அதே தட்டலை அதே நிதானத்தோடு நடுவில் இறக்கினார். 4-2. உருகுவே நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அரையிறுதிக்குள் நுழைந்தது. பெனால்டியை இப்படி எடுத்துப் புகழ்பெற்ற செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, பெல்கிரேடில் அதைச் செய்துகாட்டியது அப்ரேயு பிறந்த அதே 1976-இல்தான். தற்செயல் என்றாலும் சுவையானது. குதிக்கும் கோல்கீப்பரைக் காத்திருந்து பார்ப்பதற்குத் துணிச்சலைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். அலைபாயும் மனம் கொண்டவராக அவர் இருந்திருந்தால், ஒரு நாட்டின் ஐந்தாவது உதையை அவரிடம் ஒப்படைத்திருப்பார்களா?

அந்த உலகக் கோப்பைக்கு உருகுவே போனதே கோஸ்டாரிகாவுக்கு எதிரான தகுதிச்சுற்றுப் பிளே-ஆஃபில் தப்பித்துத்தான் என்பதையும், 2009 நவம்பரில் மான்டிவிடியோவில் 1-1 என முடிந்த இரண்டாம் ஆட்டத்தில் உருகுவேயின் கோலை அடித்தவர் அப்ரேயு என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1996 முதல் 2012 வரை தேசிய அணிக்காக 70 ஆட்டங்களில் 26 கோல்கள் அடித்தவர் அவர். மான்டிவிடியோவின் நசியோனல் கிளப்புக்கும் எங்கே போனாலும் திரும்பத் திரும்ப வந்து ஆடினார். காலூன்றாதவர் என்று இவரைச் சொல்ல எனக்கு நா வரவில்லை.

பிற்காலத்து மாற்றங்களில் அவருடைய விருப்பமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. எல் சால்வடாரின் சாண்டா டெக்லா, சிலியின் இரண்டாம் பிரிவிலிருந்த புவெர்ட்டோ மொன்ட் என்று நாற்பதை ஒட்டிய வயதில் போனவர், சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது 26 கிளப்புகளை எட்டி, ஜெர்மனியின் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானென்ஸ்டீலின் சாதனையைக் கடந்தார். அந்தச் சாதனை அவருக்குப் பிடித்தே இருந்திருக்கும். ஆனால் 2021-இல் 44 வயதில் மான்டிவிடியோவின் சுட் அமெரிக்கா அணியிலிருந்து ஓய்வை அறிவிக்கும்வரை அவரை மைதானத்தில் வைத்திருக்கப் புள்ளிவிவரப் பெருமை மட்டும் போதாது. கோலடிக்கும் கால் வேண்டும்.

தென் அமெரிக்க ஆட்டக்காரர்களின் லோன் ஒப்பந்தங்கள் எப்படி நடக்கின்றன, அவற்றின் பணம் யாருக்குப் போகிறது என்பதை விளக்கும் ஒரு கட்டுரையைத் தாங்கள் வெளியிட்டால், என்னைப் போன்ற வாசகர்களுக்குப் பயனாக இருக்கும்.

தங்கள் நெடுநாள் வாசகன்