கேள்வி கேட்ட வீட்டுக்கு ‘மறுப்பு’ என்று பெயர்

தடுப்பு மருந்துத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன சுற்றில் எங்கள் வாசல் சுவரில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுப் போனார்கள் உங்கள் ஊழியர்கள். போலியோ சொட்டு மருந்தை மறுத்த வீடு என்று அதற்கு அர்த்தமாம். நான் மறுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

என் மகனுக்கு நான்கு வயது. நோயை எதிர்க்கும் புரதங்கள் உடம்பில் போதிய அளவு உருவாகாத பிறவிக் குறை அவனுக்கு. அவன் தங்கைக்கு ஐந்து மாதம். அவளுக்குப் போலியோ மருந்தை ஊசியாகவே போடுங்கள், சொட்டு வேண்டாம் என்று அவனைப் பார்க்கும் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊசியும் போட்டாயிற்று, அட்டையில் தேதி இருக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. சொட்டில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். குடித்த குழந்தையின் மலத்தில் அது சில வாரங்கள் வெளியேறும். தங்கைக்குத் துணி மாற்றிய கையோடு அண்ணனைக் கவனிக்க ஓடும் வீடு எங்களுடையது.

வாசலுக்கு வந்த இரண்டு பெண்களிடம் அந்தச் சீட்டை நீட்டினேன். ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர், "ரெண்டு சொட்டுதானே அக்கா, ஒண்ணும் ஆகாது" என்றார். பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சின்ன வட்டத்தைக் காட்டினார். உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கிறது, அதனால் மருந்து கெடவில்லையாம். ரொம்ப அக்கறையாகத்தான் விளக்கினார். ஆனால் மருந்து கெட்டதா என்று நான் கேட்கவே இல்லையே. அவர் கையிலிருந்த படிவத்தில் போட்டாயிற்று, வீட்டில் இல்லை, மறுப்பு என்று மூன்று கட்டங்கள். எங்கள் பெயர் மூன்றாவதில் ஏறியது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. காலையிலிருந்து வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள். நான்காவது கட்டம் என்று ஒன்றை நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அதைத்தான் கேட்கிறேன். ‘மருத்துவக் காரணம்’ என்று ஒரு கட்டம். அதோடு, இந்த மருந்தின் நன்மையையும் அபாயத்தையும் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டு.

அடுத்த மூன்று நாளில் நான்கு பேர் வந்து போனார்கள். கடைசியாக வந்த மேற்பார்வையாளர் படியில் நின்றபடியே, "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் எல்லாருக்கும் ஆபத்து" என்றார். கொஞ்சம் உரக்கவே. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வந்து மெல்லக் கேட்டாள்: "படிச்சவங்க, நீங்களே போடலையாமே. ஏதாவது பிரச்சினையா? நாங்களும் நிறுத்திடட்டுமா?" அவளை உட்கார வைத்து, என் பிள்ளையின் கதை வேறு, உன் பிள்ளைக்குக் கட்டாயம் போட வேண்டும் என்று புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. உங்கள் கணக்கில் ஒரு குழந்தை கூடியது, மறுப்பு வீட்டின் உபயத்தில்.

அவளிடம் நான் சொன்னதில் ரகசியம் ஒன்றுமில்லை. 1988-ல் உலகம் போலியோவை ஒழிக்க முடிவெடுத்தபோது ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளை அது முடக்கிக்கொண்டிருந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸை ‘காட்டு வைரஸ்’ என்பார்கள்; அதன் மூன்று வகைகளில் இரண்டு இன்று உலகிலேயே இல்லை. மிச்சமிருக்கும் முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும்தான் விடாமல் சுற்றுகிறது. இதில் பெரும்பங்கு அந்த இரண்டு சொட்டுக்கு. வைரஸ் குடலில் பெருகி அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுப்பதில் ஊசியைவிடச் சொட்டுக்கே வலு அதிகம். அப்புறம் அபாயம். சொட்டு மருந்தே கைகால் முடக்கத்தை உண்டாக்குவது ஏறத்தாழ 27 லட்சம் தவணைகளில் ஒன்றில். காட்டு வைரஸ் தொற்றினாலோ, 200 பேரில் ஒருவருக்கு முடங்கிய கால் திரும்பாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் தாய்க்கும் கணக்குப் புரியும். பலருக்கு மருந்து போகாமல் விட்ட இடங்களில், மருந்தின் வைரஸே ஆளுக்கு ஆள் பரவி மறுபடி வலுவேறி முடக்குகிறது என்பதையும் சொன்னேன். ‘அதுக்குத்தான் எல்லாரும் போடணுமா’ என்று அவளே கேட்டாள். 2016-ல் சொட்டிலிருந்து இரண்டாம் வகையை எடுத்ததும், 2021 முதல் அந்த வகையை எதிர்க்க, எளிதில் மாறி வலுவேறாத புதிய சொட்டு வந்ததும் இதனால்தானே?

இதில் எது மக்களைப் பயமுறுத்தும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் துண்டறிக்கையில் சிரிக்கும் குழந்தை இருக்கிறது, கும்பிடும் பிரமுகர் இருக்கிறார், அவர் பதவிப் பெயர் மூன்று வரிக்கு இருக்கிறது. மேலே சொன்னதில் ஒரு வரி இல்லை. ஒலிபெருக்கியில் நாள் முழுக்கப் பாட்டு. நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில் வாட்ஸ்அப் பேசுகிறது, அங்கே சந்தேகத்துக்கெல்லாம் உடனே பதில் கிடைக்கிறது. 2003-ல் வடக்கு நைஜீரியாவில், சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தியால் மருந்து போடுவதையே நிறுத்தினார்கள். போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்கு அங்கிருந்து வைரஸ் மறுபடி போனது. அந்த வதந்தி பரப்பியவர்களையும் என்னையும் ஒரே கட்டத்தில் எழுதுகிறீர்கள்!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்பது சின்ன விஷயம்தான். படிவத்தில் அந்த நான்காவது கட்டத்தைச் சேருங்கள். வீட்டில் எதிர்ப்புச் சக்திக் குறை உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று சொட்டு போடுமுன் ஒரு வார்த்தை கேட்க ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இருந்தால் யாரிடம் அனுப்புவது என்பதையும் சொல்லிவையுங்கள். அபாயத்தைச் சீட்டில் அச்சிடுங்கள். தயவுசெய்து அடுத்த சுற்றுக்கு முன்பே.

மருத்துவர் எழுதிக் கொடுத்ததன் நகல் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் விரித்து விரித்துக் காட்டி அசல் மடிப்பில் கிழிந்துவிட்டது. நான்கு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மறுக்காத ஒரு தாய்