கோழைங்கற வார்த்தைய எடுத்துடு தம்பி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதறேன்.

அமெரிக்க கறுப்பின மக்களோட தலைவருங்க டுபாய்ஸ், புக்கர் டி. வாஷிங்டன் ரெண்டு பேரும், உரிமைய இப்பவே கேக்கணுமா, இல்ல மொதல்ல தொழில் கத்துக்கிட்டு பொறுத்திருக்கணுமான்னு மோதினதப் பத்தி நீ அனுப்பின செமினார் பேப்பர முழுசா படிச்சேன். டுபாய்ஸ் பக்கம் நீ நிக்கறது எனக்கு சந்தோஷம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனா புக்கர் டி. வாஷிங்டன கோழைன்னு ஒரே வரியில முடிச்சிட்ட பாரு, அதுதான் மனசு கேக்கல.

அவர் 1856ல வர்ஜீனியால அடிமையாவே பொறந்தவருடா. டுபாய்ஸ் 1868ல, அடிமைமுறை ஒழிஞ்சப்புறம், வடக்க மாசசூசெட்ஸ்ல பொறந்து ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்கினவர். வாஷிங்டன் 1881ல அலபாமா டஸ்கீகில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, அப்புறம் கட்டடத்துக்கு செங்கல் வேணும், வாங்க காசில்ல, படிக்கற பிள்ளைங்களே மண்ணு பெசஞ்சாங்க, மூணு சூளை வீணாப்போச்சு, கடைசியில தன் வாட்ச அடகு வெச்சு நாலாவது சூளை போட்டார், அது நல்லா வெந்து வந்துச்சு. அப்புறம் ஊர் வெள்ளைக்காரங்களே வந்து அந்த செங்கல வாங்கிட்டுப் போனாங்க. கையில தொழில் இருந்தா மரியாதை தானா வரும், மத்த உரிமையெல்லாம் மெல்ல வரட்டும்னு 1895ல அட்லாண்டால அவர் பேசினார்னா இதையெல்லாம் பாத்த மனுஷன்டா அவர்.

ஆனா மரியாதை வரல. 1899ல ஜார்ஜியால சாம் ஹோஸ்ங்கற கறுப்பினத்தவர ஒரு வெள்ளைக்கார கும்பல் எரிச்சே கொன்னுச்சு. அட்லாண்டால பேராசிரியரா இருந்த டுபாய்ஸ் அதப்பத்தி நிதானமா ஒரு லெட்டர் எழுதி பத்திரிகை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனாரு, வழியில ஒரு கடையில அந்த மனுஷனோட விரல்மூட்டு எலும்ப காட்சிக்கு வெச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டு அப்படியே திரும்பிட்டாரு. 1901ல அலபாமா புது அரசியல் சட்டம் போட்டு கறுப்பின மக்களோட ஓட்டப் பறிச்சுது, செங்கல் செய்யத் தெரிஞ்சவனுக்கும் ஓட்டு போச்சு. அதனாலதான் உரிமைய தள்ளிப்போடக் கூடாதுன்னு டுபாய்ஸ் 1903ல வாஷிங்டன பேர் சொல்லியே எதுத்து எழுதினது சரின்னு நான் சொல்றேன்.

நீ விட்டுட்டது இதுதான். அந்த சட்டத்த எதுத்து ஜைல்ஸ்ங்கறவர் போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1903ல தோத்துச்சு, அந்த கேஸ நடத்த ரகசியமா பணம் குடுத்தது வாஷிங்டன்! வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்க நன்கொடை நின்னுடும், அதனால வக்கீலுக்கும் அவருக்கும் நடுவுல லெட்டரெல்லாம் பொய்ப்பேர்ல போச்சு. மேடையில பொறுத்துக்கங்கன்னு பேசினது ஓட்டப் பறிச்சவங்களுக்கு வசதியாப் போச்சு, அத நான் மறுக்கல, அதுக்காக கோழைன்னு எழுதலாமா?

பேசறதுக்கு முன்னாடி அந்த பாராவ மட்டும் திருத்திடு கண்ணு. டுபாய்ஸ் சொன்னதுதான் சரின்னே முடி, ஆனா ஜைல்ஸ் கேஸ சேத்துட்டு முடி. திருத்தினத எனக்கு அனுப்பு.

அம்மா