போல்ட் இறுக்கமும் உன் கேஸ்களும்

அன்புள்ள பாப்பா,

நீயே பவுடர் நிரப்பிச் செய்த .308 தோட்டாக்களைச் சுட்டதும் ரைஃபிளின் போல்ட்டை (பின்பக்கத்தை மூடும் உருளை) தூக்க இறுக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கூடவே நீ அனுப்பிய, சுட்ட கேஸ்களின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமர் தட்டையாகிவிட்டதே என்று கேட்டிருக்கிறாய். பிரைமரை விடு. கேஸின் அடியில், பொறித்த எழுத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று பிறை மாதிரி ஒரு தேய்ப்பு இருக்கிறதே, அதைப் பார். உன் ரெமிங்டன் 700 ரைஃபிளில், சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் போல்ட்டின் முகத்தில் ஒரு சின்ன ஓட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். பித்தளை அந்த ஓட்டைக்குள் பிதுங்கியிருக்கிறது. நீ போல்ட்டைத் தூக்கும்போது பிதுங்கியதைச் சீவிக்கொண்டு திரும்பியிருக்கிறது. தேய்ப்பும் இறுக்கமும் சேர்ந்து வந்தால் அழுத்தம் அதிகம் என்றே எடுத்துக்கொள். அந்தப் பெட்டியில் மிச்சம் இருப்பதில் ஒன்றைக்கூடச் சுடாதே.

தட்டைப் பிரைமரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சில கம்பெனிப் பிரைமர்களின் உலோகமே மெத்தென்று இருக்கும், சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும். சைஸ் செய்யும்போது, அதாவது சுட்ட கேஸை டை என்ற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, கேஸின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளிவிட்டாலும் குறைந்த லோடிலேயே (பவுடர் அளவிலேயே) தட்டையாகும். பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் வருகிற ஓட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தால், பின் குத்திய பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும்பும். இதற்கெல்லாம் பயப்படுகிறவர்கள், ஒரு அடையாளமும் தெரியாத தோட்டாவைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அந்த நிம்மதிதான் பயம். .308-க்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதைத் தாண்டிப் போன பிறகும் பித்தளை வாயைத் திறக்காமல் இருக்கலாம்.

அப்புறம், இறுக்கம் எப்போது வருகிறது என்று பிரித்துப் பார். இந்த ரைஃபிளில் போல்ட்டைத் தூக்கும்போதுதான் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங் ஏறும், அதனால் காலியாக இருந்தாலும் கொஞ்சம் கனம் தெரியும். அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொள். பிறகு பிரைமரும் பவுடரும் இல்லாத, சைஸ் செய்த வெறும் கேஸ் ஒன்றைப் போட்டு மூடு. அதற்கே போல்ட் முரண்டு பிடித்தால் டை சரியாக இறங்கவில்லை, தோள் பின்னால் போகவில்லை. அது அளவுக் கோளாறு. லேசாக மூடி, சுட்ட பிறகு மட்டும் தூக்க வரவில்லை என்றால் அது அழுத்தம்.

என் சந்தேகம் உன் புதுக் கேஸ்கள் மேல். ராணுவக் கேஸ் மலிவாகக் கிடைத்தது என்றாயே. அதன் சுவர் பொதுவாகத் தடிப்பு, உள்ளே இடம் குறைவு. சாதாரணக் கேஸில் பார்த்துவைத்த லோடை அப்படியே இதில் கொட்டினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். கூடவே நீளத்தையும் அள. 2.015 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் கழுத்தின் நுனி சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) முனையில் முட்டி மடங்கி, புல்லட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். 2.005-க்கு வெட்டிவிடு. புல்லட், குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளான ரைஃப்ளிங்கைத் தொடும்படி வெளியே நீட்டி வைத்திருந்தாலும் இதே வம்புதான்.

பிப்ரவரிப் பனியில் சரியாக இருந்த லோடு இது என்கிறாய். இப்போது ஜூலை. வண்டியின் டாஷ்போர்டில் வெயிலில் கிடந்த தோட்டாவும் நிழலில் இருந்த தோட்டாவும் ஒன்றல்ல. சில பவுடர்கள் சூட்டில் ரொம்பவே துள்ளும். புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப், லோடு அளவுகள் தரும் புத்தகத்தில் போட்டிருப்பதைவிட அதிக வேகம் காட்டியது என்று சந்தோஷப்பட்டாயே, அந்த வேகம் சும்மா வராது பாப்பா, அழுத்தம் கொடுத்ததுதான். சேம்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிடு. கேஸ் சுவரைப் பிடிக்காமல் வழுக்கினால் முழு உதையும் போல்ட் மேல் விழும். பவுடர் நிறுக்கும் தராசையும் எடைக்கல் வைத்து ஒரு தடவை சரிபார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மிச்சத் தோட்டாக்களை, புல்லட்டைப் பிடுங்கும் புல்லரால் பிரித்துவிடு. சுட்ட கேஸ்களில் புதுப் பிரைமர் விரலழுத்தத்துக்கே உள்ளே போனால் அது உட்காரும் குழியான பாக்கெட் விரிந்துவிட்டது. அந்தக் கேஸ் குப்பைக்கு. மற்றதை வைத்துக்கொண்டு, புத்தகம் சொல்லும் ஆரம்ப லோடிலிருந்து திரும்ப ஏறு. மொன்டானாவில் வேட்டை அக்டோபர் கடைசியில்தானே, அவசரமில்லை. கேஸ் நீளத்தை அளந்து இன்றைக்கு ராத்திரியே எழுதி அனுப்பு.

அப்பா