தரிசு என்று எழுதியது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போகிற காட்டுக்கு ஈடாக நிறுவனங்கள் வேறிடத்தில் நிலம் வாங்கித் தருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலம் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நிலத்தை வாங்குகிறார்கள், வாங்கிய பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறேன். நீலகிரியில் எமரால்டு பக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவன் நான். எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே பதில் கண்ணில் படும்.

எதிர்ச் சரிவில் ஐந்தாறு ஏக்கர் புல்வெளி. வருவாய்த் துறைக் கணக்கில் தரிசு. சமவெளியில் இருக்கும் ஏதோ ஓர் ஆலைக்காக வாங்கியதாகச் சொன்னார்கள். ஆட்கள் வந்து குழி எடுத்தார்கள், நாற்று நட்டார்கள், பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வருடம் மார்கழியில் விழுந்த உறைபனியில் நாற்று அத்தனையும் கருகிவிட்டது. மலை மடிப்புகளில் அடர்ந்து வளரும் சோலைக்காட்டு மரத்தின் கன்று திறந்த புல்வெளியில் நிற்காது என்பது எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். பனிக்கு அஞ்சாமல் அங்கே முளைத்து வருவது பெரும்பாலும் சீகைதான் (வாட்டில் மரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர், சீகைக்காய் அல்ல). தோண்டிய மண்ணில் இப்போது அது தலைகாட்டுகிறது.

மரம் இல்லாத இடமெல்லாம் சும்மா கிடக்கிற இடம் என்பது வெள்ளைக்காரர் எழுதிவைத்த கணக்கு. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இந்த மலைக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமே அவற்றை மும்முரமாக நட்டோம்: தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை ரேயான் ஆலைக்குக் கற்பூர மரம். வரையாடு மேய்வதும், 12 வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் (2018-ல் பூத்தது, அடுத்தது 2030) இந்தத் தரிசில்தான். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல், இரண்டு மேட்டுக்கு நடுவே இருக்கும் சதுப்பில் வளர்வது. மாசியில் எங்கள் தோட்டத்து ஓடையில் தண்ணீர் ஓடுகிறதென்றால் அதுவும் மேலே இருக்கிற புல்லும் சதுப்பும் பிடித்துவைத்த மழைதான். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, வனத்துறை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் ஈடு என்ற பெயரில் புல்லைக் கிளறிக் குழி தோண்டுகிறோம். ஆலை இருக்கும் இடத்தில் ஒரு காடு போனது. இங்கே ஒரு புல்வெளியும் போகிறது. இதற்குப் பெயர் ஈடா?

1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டை எடுத்தால் அதே அளவு காடல்லாத நிலம் தர வேண்டும். சில வகைத் திட்டங்களுக்குத் தரங்குறைந்த காட்டில் இருமடங்குப் பரப்பில் நட்டாலும் போதும். அளவுகோல் பெரும்பாலும் ஏக்கர்தான். இப்படி நடுவதற்காக நிறுவனங்கள் கட்டும் ஈட்டுப் பணத்துக்குத் தனி நிதியம் வைக்கச் சொன்ன வழக்கின் வேர் எங்கள் மாவட்டத்தில் இருப்பது பலருக்கும் தெரியாது. கூடலூர் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து கேரளத்து நிலம்பூர் கோவிலகத்தை (அரச குடும்பம்) சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கு வளர்ந்து வளர்ந்து, 2016-ல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வரை வந்தது. மரம் வெட்டாதே என்று ஆரம்பித்தது, எங்கேயாவது நட்டுக்கொள் என்பதில் வந்து நிற்கிறது.

என் அப்பா சிறுவயதில் எருமை மேய்த்த பள்ளத்தாக்கு குந்தா மின்திட்டத்தில் எமரால்டு அணைக்கு அடியில் போய்விட்டது. அப்போது யாரும் ஈடாக ஒரு சாண் நிலம் வாங்கவில்லை, அப்படி ஒரு சட்டமும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் இன்றைய ஏற்பாடு எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன், வாங்குவதை உருப்படியாக வாங்கலாமே. எங்கள் மாவட்டத்திலேயே மசினகுடி பக்கம் சீகூர் பீடபூமியில் யானை வழி குறுகிக்கொண்டே போகிறது. அந்த வழியைக் காக்க 2020-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே ஓர் ஏக்கர், வேறெங்கோ இருக்கும் நூறு ஏக்கருக்குச் சமம். பக்கத்து வயநாட்டில் திருநெல்லி யானை வழியில் தனியார் அமைப்புகள் பணம் திரட்டி, குடும்பங்களுக்கு மாற்று இடம் கொடுத்து, நிலத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்திருக்கின்றன. நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் என்றால், மண் கொட்டி காட்டேஜ் கட்டக் காத்திருக்கும் சதுப்புகளை வாங்கட்டும். குழி தோண்ட வேண்டாம், சீகையைப் பிடுங்கினால் போதும். அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒருமுறை பிடுங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனால் ஆகாது. வருடா வருடம் ஆள் விட்டுப் பிடுங்குகிற கூலியையும் நிலத்தின் விலையோடு சேர்த்தே அந்த நிறுவனத்திடம் வாங்க வேண்டும். உள்ளூர் ஆட்களுக்கு அது வேலையாகவும் இருக்கும். (மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை விழுகிற மாதங்களில் நானே போவேன்.)

தங்கள் நிருபர் யாராவது மார்கழி, தை மாதத்தில் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டுகிறேன். விடியற்காலையில் வர வேண்டும். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
எமரால்டு, நீலகிரி மாவட்டம்.