ஐந்து பாகத் தண்ணீர்

தங்கச்சிமடம்,
22 ஜூலை 2025

அன்புள்ள காதர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'ஏழரை வருஷம் கழித்து, அத்தனை ஆழத்தில் கண்டுபிடித்து யாருக்கு என்ன பிரயோசனம்?' என்று கேட்டிருந்தாயே, அந்த வரி. காணாமல் போன விமானப்படை விமானத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தாய். அது காணாமல் போனதும் இதே தேதியில்தான். காலையில் உச்சிப்புளியில் இருக்கிற கடற்படையின் பருந்து தளத்து விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்து கடல் பக்கம் போனது. சத்தம் அடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

2016-ல் விமானப்படையின் ஏஎன்-32 விமானம் உங்கள் தாம்பரத்திலிருந்து காலை 8.30-க்குக் கிளம்பி போர்ட் பிளேருக்குப் போனது. ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு போகிற வழக்கமான பயணம். உள்ளே 29 பேர். 23,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது, இடப்பக்கம் திரும்பி விறுவிறுவென்று கீழே இறங்கி, 9.12 வாக்கில் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று வங்கக்கடலையே சலித்தார்கள். செப்டம்பர் 15 அன்று, 29 பேரும் இறந்ததாகக் கருத வேண்டியதுதான் என்று வீடுகளுக்குச் சொல்லிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் 55 நாள்.

அந்த 55 நாளையும் நான் சூசை மாமாவை வைத்துத்தான் எண்ணினேன்.

நாம் பத்தாவது படித்த வருஷம், வாடைக்காற்றில் வள்ளத்தோடு போனவர். நீயும் நானும் கரையோரமாகவே பாம்பன் வரை நடந்து தேடினோம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதற்கு உன் வாப்பாவிடம் நீ அடி வாங்கினாய். அத்தை வெள்ளைச் சேலை கட்டவில்லை. கோவிலில் பூசை வைக்கவும் விடவில்லை. உடல் கிடைக்காத ஆள் இறந்தார் என்று சட்டம் ஒத்துக்கொள்ள 7 வருஷம் ஆக வேண்டும். அதுவரை அவள் விதவையும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. கருவாடு காயப்போட்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். 7 வருஷம் முடிந்ததும் அப்பா ஏதோ ஒரு அலுவலகத்துத் தாளை வாங்கிக்கொண்டு வந்தார். "நான் கைநாட்டு வச்சு அவரச் சாகடிக்கணுமா?" என்று கேட்டாள். தாளைத் தொடவே இல்லை.

2024 ஜனவரியில், கடலடியில் விமானத்தின் சிதைவு தெரிகிறது என்று செய்தி வந்த அன்று பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே அத்தையிடம்தான் போனேன். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, நான்தான் வாசிக்க வேண்டும். சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல். 3,400 மீட்டர் ஆழம். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத் தானியங்கிக் கருவியை உள்ளே இறக்கி, ஒலி அலையால் அடித்தரையைத் தடவித் தேடிப் படம் எடுத்திருந்தது. அந்த நிறுவனம் உங்கள் பள்ளிக்கரணையில் இருக்கிறது, காதர். விமானம் கிளம்பிய ஊரும் அதைத் தேடிப் பிடித்தவர்கள் இருக்கிற இடமும் ஒரே ரோட்டில்! நீ தினமும் அதைத் தாண்டித்தானே வேளச்சேரிக்குப் போகிறாய்?

படம் ஏஎன்-32-ஓடு பொருந்துகிறது, அந்தப் பக்கம் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, ஆகவே இது அதுவாக இருக்கலாம் என்றுதான் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு காலம் காத்திருந்தவர்களிடம் அடித்துப் பேசாமல், தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அத்தை, "எத்தன பாகம்?" என்றாள். பாகத்துக்கு ஆறடி என்று கணக்குப் போட்டு, 1,800-க்கும் மேல் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "படத்துல தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன். "அப்ப அவுகளுக்கு எடம் தெரிஞ்சிருச்சு."

உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

சரி, ஊர்ச் செய்தி. ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபிறகு ராமேஸ்வரம் வரை ரயில் வருகிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்திலேயே இறங்கி பஸ் பிடித்த பாடு தீர்ந்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் போகின்றன, கச்சான் காற்று பலமாக இருப்பதால் மீன்பாடு சுமார்தான். ஜமீலாவையும் கூட்டிக்கொண்டு வா.

நேற்று உன் கடிதத்தை அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். உன்னைப் பற்றி எப்போதும் கேட்பாள். பள்ளிக்கரணை என்றதும் நிறுத்தச் சொன்னாள். "அந்த மெஷின் இங்கிட்டு வருமாடா? நம்ம கடல் அஞ்சாறு பாகந்தான" என்று கேட்டாள். நாற்பது வருஷம் ஆகிறது, மரவள்ளம், கடலடிச் சேறு. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அந்தப் பக்கம் போகும்போது ஒருநாள் இறங்கி, உள்ளே யாரிடமாவது கேட்டுவிட்டு எழுது. அவர்கள் சொல்வது எதுவானாலும் அப்படியே எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஆரோக்கியம்