எங்கள் வளவுக் கோழிகளுக்காக நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊரவர்களுக்கும், தூரத்தில் இருந்துகொண்டு எங்களுக்காகக் கவலைப்பட்டவர்களுக்கும் வணக்கம்.

வீட்டு வளவில் கோழி வளர்க்கக் கூடாது என்று எங்களுக்கு அறிவித்தல் தந்த உள்ளூராட்சி சபையிலிருந்து போன கிழமை கடிதம் வந்துவிட்டது. ‘தங்களுக்கு வழங்கப்பட்ட அறிவித்தல் இத்தால் மீளப்பெறப்படுகிறது’ என்று ஒரு வரி. கீழே ஒப்பமும் சீலும். எங்கள் குறிச்சியில் பதினொரு வீட்டுக்கும் அதே கடிதம். கோழிகளை இனி யாரும் அவசரத்துக்கு விற்கவும் வேண்டாம், சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். நான் அந்தக் கடிதத்தைக் குசினி வாசலில் நின்று மூன்று தரம் வாசித்தேன். வாசித்து முடித்ததும் முதலில் நினைவுக்கு வந்தவர்கள் நீங்கள்தான்.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். போர் முடிந்து, 2010இல் நாங்கள் முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பி வந்தபோது இந்த இடம் காடு மண்டிக் கிடந்தது. தறப்பாளுக்குள் இருந்தோம். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது. கையில் இருந்ததையும் போட்டுக் கல்வீடு கட்டினோம். ஏ9 வீதி காப்பெற் ஆனது, வங்கிகள் வந்தன, காணிகள் துண்டு துண்டாக விலைப்பட்டன. மாடி வீடுகள் எழும்பின. ஊராக இருந்தது நகரத்தின் ஓரமானது. நாங்களும் எங்கள் கோழிகளும் இருந்த இடத்திலேயேதான் இருந்தோம்.

2024 ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், படலையில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. நகர எல்லைக்குள் குடியிருப்பு வளவுகளில் கோழி வளர்ப்பது தடை, பதினான்கு நாட்களுக்குள் அகற்றாவிட்டால் சட்ட நடவடிக்கை. அப்போது என்னிடம் பதின்மூன்று பேடும் ஒரு சேவலும் இருந்தன. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்துவிட்டது. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினர் என்று ஒருவரும் கதிரையில் இல்லை. கந்தோருக்குப் போனால், மேலிடத்து உத்தரவு, சட்டத்தில் இருக்கிறது என்றார்கள். எந்தச் சட்டம் என்று கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

ஒரு கோழிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். 2008இல் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில், நெல்லு மூட்டைக்கு மேல், கரப்புக்குள் ஐந்து கோழியை வைத்துக் கட்டிக்கொண்டு போனோம். தர்மபுரத்திலும் முட்டை இட்டது. விசுவமடுவில் கடைசிக் கோழியையும் பிள்ளைகளுக்குக் கறியாக்கினேன். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் எழுதப் போவதில்லை. திரும்பி வந்த பிறகு வாழ்வாதார உதவியாகப் பத்துக் குஞ்சு தந்தார்கள். கிணறு இறைக்க முதல், வேலி அடைக்க முதல், எங்கள் வளவில் உயிரோடு ஓடித் திரிந்தவை அவைதான். இப்போது நிற்பவை அவற்றின் வழிவந்தவை.

2022ஐயும் மறக்கக் கூடாது. முட்டைக்கு அரசாங்கம் உச்ச விலை போட, கடைகளில் முட்டையே காணாமல் போனது. அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தார்கள். பண்ணைக் கோழிக்குச் சோளமும் கடைத் தீனும் வேண்டும். 2021இல் பசளை இல்லாமல் போய்ச் சோள விளைச்சல் விழுந்தது, வெளியிலிருந்து தருவிக்க டொலரும் இல்லை. ஊர்க்கோழிக்கு அந்தக் கவலை கிடையாது. குறுணலும் தவிடும் கொஞ்சம் போட்டால் மிச்சத்தைத் தானே கிளறித் தின்னும். சட்டிக்குள் சாணியும் தென்னம் மட்டைத் துண்டும் போட்டுக் கவிழ்த்து வைத்தால் கறையான் பிடிக்கும், குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீன் இல்லை. அந்த வருடம் எங்கள் குறிச்சியில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் முட்டை தின்றார்கள் என்றால், அது வளவுக் கோழி இட்ட முட்டை.

இனி நன்றிகள்.

முதல் நன்றி, கடைசி ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஐயாவுக்கு. மாதர் சங்கத் தலைவி அக்கா பொதுநோக்கு மண்டபத்தைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்ட அந்தப் பின்னேரம், நாங்கள் அழுகிறோம், ஏசுகிறோம், ஐயா ஒன்றும் பேசவில்லை. அறிவித்தலை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடதாசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். “பிள்ளை, இதிலே உபவிதி இலக்கம் எங்கே? எந்த வர்த்தமானியில் வந்தது என்று எங்கே?” என்று கேட்டார். அப்போதுதான் மண்டபம் அமைதியானது.

ஒரு சபை உபவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் சட்டம், போடுவதென்றால் சபையில் நிறைவேற வேண்டும், அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியில் வெளிவர வேண்டும் என்று ஐயா தன் முப்பது வருட வேலையிலிருந்து எடுத்துச் சொன்னார். அன்றிரவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதினார். இரண்டே இரண்டு கேள்வி. இந்தத் தடை எந்த உபவிதியின் எந்தப் பிரிவு? அது வெளியான வர்த்தமானியின் திகதி என்ன? கூட ஒரு சொல் எழுத அவர் விடவில்லை. “கோபத்தை இதற்குள் எழுதாதே பிள்ளை, கேள்வியை எழுது” என்றார். கையளித்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கி வரச் சொன்னதும் அவர்தான். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதின்மூன்றாவது வேலை நாள் பதில் வந்தது. அவர்கள் காட்டிய பிரிவு, வியாபாரத்துக்காக நடத்தும் கோழிப்பண்ணைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது. வீட்டு வளவில் நாலைந்து கோழி வளர்ப்பவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பதிலை இணைத்து நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பிறகு, மேல்நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அறிவித்தலை மீளப்பெறவில்லை. அது ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் தலைக்கு மேலே தொங்கியது.

இரண்டாவது நன்றி பக்கத்து மாடி வீட்டுக்காரருக்கு. இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். முறைப்பாடு செய்தவர் அவர் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மாரி தொடங்கிய ஒரு நாள் வேலிக்கு அங்கால் நின்று, “அக்கா, மழை பெய்தால் எங்கள் அறைக்குள் இருக்க ஏலாது, கைக்குழந்தை இருக்கு” என்று நேரே சொன்னார். நான் போய் அவர் அறை யன்னலில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. கண் எரிந்தது. அவ்வளவு நாளும் எனக்கு அந்த மணம் தெரியவில்லை, ஏனென்றால் காற்று என் வீட்டுப் பக்கம் அடிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் மிருக வைத்தியர் கந்தோருக்குப் போனேன். அங்கேயிருந்து வந்த உத்தியோகத்தர் தம்பி வெயிலுக்குள் மோட்டார்சைக்கிளில் வந்து, கூட்டுக்குள் குனிந்து, நிலத்தில் போட்டிருந்த உமியை ஒரு கைப்பிடி அள்ளிப் பொத்தினார். கையை விரித்தார். உமி கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது. “பாருங்கோ அம்மா, இது உதிர வேண்டும். ஈரம்தான் மணக்கிறது, கோழி இல்லை” என்றார். எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால்தான் அமோனியா கிளம்பும் என்று விளங்கப்படுத்தினார். கூரைத் தகரத்தை ஒன்றரை அடி வெளியே நீட்டச் சொன்னார், தூவானம் உள்ளே வராமல். உமியை நான்கு விரல்கடை உயரத்துக்குப் போட்டு, கிழமைக்கு இரண்டு தரம் கிளறி, கொஞ்சம் சுண்ணாம்பு தூவச் சொன்னார். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கல்லு மேல் ஏற்றி வைக்கச் சொன்னார். ஒரு மாதத்தில் மணம் போனது. பழைய உமி இப்போது என் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பசளை, ஒரு சாக்கு மாடி வீட்டு மாதுளைக்கும் போனது. பதினொரு வீட்டுக் கூடுகளையும் அந்தத் தம்பி ஒன்றொன்றாகப் பார்த்தார். ஐஸ் பெட்டியில் தடுப்பு மருந்து கொண்டுவந்து, ஒவ்வொரு கோழிக்கும் கண்ணில் ஒரு சொட்டு விட்டார். ராணிக்கெட் நோய் வந்து ஒரே இரவில் கூடு வெறுமையானதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொட்டின் அருமை எனக்குத் தெரியும்.

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு புதிய சபை வந்தது. எங்கள் வட்டார உறுப்பினர் எங்கள் மனுவை மாதாந்தக் கூட்டத்தில் எடுத்தார். கட்சி எதுவென்று நான் எழுதவில்லை, எதிர்ப்பக்கம் இருந்தவர்களும் கைதூக்கினார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நேரே பார்த்துவிட்டு, தான் கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதினார். இரண்டு கூடு வேலியோடு ஒட்டி இருந்ததையும் எழுதினார். அது பிழைதான், இரண்டையும் இடம் மாற்றிவிட்டோம். எங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதும்படி அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் அப்படிப்பட்டவர் இல்லை.

சின்ன உதவிகள் என்று சொல்லிவிட முடியாதவை இன்னும் உண்டு. காசு வாங்காமல் நாற்பது பிரதி அடித்துத் தந்த சந்திக் கடைத் தம்பி. கொப்பியோடு வீடு வீடாகப் போய்க் கோழியும் முட்டையும் எண்ணி வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். ஸ்காபரோவிலிருந்து இரவிரவாக எடுத்துப் பேசிய என் ஒன்றுவிட்ட தம்பி. ரொறன்ரோவில் 2018இல் சில வட்டாரங்களில் வீட்டுக்கு நான்கு பேடு வரை பரீட்சார்த்தமாக அனுமதித்தார்கள், சேவல் மட்டும் கூடாது என்று அவன் சொன்னான். பனி கொட்டும் ஊரில் கோழிக்கு இடம் கேட்டு மனிதர்கள் சபைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குத் தனிமை கொஞ்சம் விட்டது.

சேவல் விஷயம் இங்கேயும் முடியவில்லை. சபை இப்போது வீட்டு வளர்ப்புக்கென்று முறையாக ஒரு உபவிதி வரையப் போகிறதாம், பொதுமக்கள் கருத்தும் கேட்பார்களாம். எத்தனை கோழி, வேலியிலிருந்து எத்தனை அடி என்பவற்றில் எனக்கு மறுப்பில்லை. எழுத்தில் ஒழுங்காக ஒரு விதி இருந்தால் இன்னொரு நாள் படலையில் கடதாசி ஒட்டுபட மாட்டாது. சேவலே கூடாது என்று போட்டால் மட்டும் நான் எழும்பிக் கதைப்பேன். சேவல் இல்லாமலும் பேடு முட்டை இடும், உண்மைதான். அந்த முட்டை பொரிக்காது. குஞ்சு காசுக்கு வாங்க வேண்டி வந்தால் எங்களைப் போன்ற வீடுகளில் இரண்டு வருடத்தில் கூடு வெறுமையாகிவிடும். என் சேவலை இரவில் உள்கூட்டில் விட்டுச் சாக்கால் மூடி இருட்டாக்குகிறேன். முன்னர் நாலு மணிக்குத் தொடங்குவான், இப்போது ஐந்தரை ஆகிறது. மாடி வீட்டுக் குழந்தையும் அந்த நேரத்துக்கு எழும்பிவிடுகிறதாம்.

ஐயா, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்ன தருவது என்று கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றீர்கள். கறுப்பி பதினொரு முட்டையில் அடையில் இருக்கிறாள், இன்றைக்குப் பதினெட்டாம் நாள். பொரித்து, பேடு எது சேவல் எது என்று தெரிகிற வயது வந்ததும், இரண்டு பேட்டைக் கரப்போடு கொண்டுவந்து உங்கள் முற்றத்தில் விடுவேன். உங்கள் கூட்டுக்கு உமி நான் போட்டுத் தருகிறேன்.

நன்றியோடு,
பதினொரு வீட்டாருக்காகவும்,
கோழிக்கார அக்கா