ஓவிய அறைக்கு மேசை வாங்கும் முன்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஓவிய அறைக்குப் புது மேசை, நாற்காலி வரப்போகிறது என்று கேட்டதும் ஓவிய ஆசிரியராக எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பட்டியலைப் பார்த்ததும் அதில் பாதி போய்விட்டது. மற்ற வகுப்புகளுக்கு வாங்கும் அதே ஒற்றை மேசையைத்தான் இதற்கும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மேசைப் பலகை 60 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம். ஏ2 தாள் 59.4 நீளம், 42 அகலம். தாளை விரித்ததுமே மேசை தீர்ந்தது. வண்ணத் தட்டையும் தண்ணீர்க் குவளையையும் மடியிலா வைத்துக்கொள்வது? நான்கு பேர் சுற்றி உட்காரும் பெரிய மேசைகளாக வாங்குங்கள். பலகை சாய்வாக வேண்டாம், குவளை நிற்காது. பளபளப்பும் வேண்டாம், கண் கூசும். லேமினேட், அதாவது மேலே வழவழப்பான பிளாஸ்டிக் தகடு ஒட்டிய பலகை என்றால் வண்ணம் சிந்தியதும் துடைத்துவிடலாம். ஆனால் ஈரக் களிமண் அதில் அப்பிக்கொள்ளும். அதற்கென்று மேலே வைத்து எடுக்கிற மாதிரி நாலைந்து வெறும் மரப்பலகைகள் போதும். நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். அடர்சிவப்பு மேசையில் வைத்துப் பச்சையைக் கலந்து பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்: சுற்றியுள்ள சிவப்பால் பச்சை உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரியும்.

உட்காருவதற்கு முதுகுச் சாய்வில்லாத ஸ்டூல் நல்லது. பெரிய படம் வரைகிற பிள்ளை எழுந்து நின்றுதான் வரையும். அப்போது மேசைக்கடியில் தள்ளிவிடலாம். கைப்பலகை வைத்த நாற்காலியை மட்டும் தயவுசெய்து வேண்டாம். பலகை பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும், இடக்கைப் பிள்ளைகள் உடம்பைத் திருகிக்கொண்டு வரைய வேண்டும்.

சரி, இதையெல்லாம்விட முக்கியமானது பட்டியலிலேயே இல்லை. படம் காயவைக்கும் கம்பி அடுக்கு. முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு ஏ3 தாளில் (ஏ2-வில் பாதி) வண்ணம் தீட்டினால், அவற்றைப் பரப்பக் கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர் வேண்டும். ஈரப் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடியாது. மணி அடித்ததும் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். அடுக்கு இருந்தால் அத்தனையும் ஒரு மூலையில் அடங்கிவிடும். பணம் போதாது என்றால் ஸ்டூல்களை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம், பழைய நாற்காலிகளே ஓடும். அடுக்கைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் அளவு நாடாவோடு ஒருநாள் வாருங்கள், வண்ண வகுப்பு முடிகிற நேரமாகப் பார்த்து. உள்ளே வரும்போது மட்டும் கீழே பார்த்து நடக்க வேண்டும், படங்கள் தரையில்தான் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஓவிய ஆசிரியர்